நஞ்சின் பெயரை எழுதாத செய்திகள்

1993ஆம் ஆண்டு கொழும்பில் தமிழ்ப் பத்திரிகையொன்றின் ஆசிரியபீடத்தில் உதவியாசிரியனாகச் சேர்ந்தேன். பிராந்திய நிருபர்கள் அனுப்பும் செய்திகளைச் செப்பனிடுவதே எனது முதற்பணி. நஞ்சருந்தி உயிரிழந்தவர் பற்றிய நான்கு வரிச் செய்தி வாராவாரம் தவறாது வரும். காதல் தோல்வி, கடன் தொல்லை, குடும்பத் தகராறு எனக் காரணமொன்றையும் அது கூறும். எந்த நஞ்சு என்பதை நிருபர்கள் எழுதியதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த விபரமே முதன்மையானது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

நமது விவசாயிகள் பீடைநாசினியை நஞ்சு என்பதில்லை, மருந்து என்பார்கள். பசுமைப் புரட்சியின் புதிய நெல்லினங்களோடு அந்த மருந்துகளும் வீடுகளுக்குள் நுழைந்தன. அரிசி மூட்டைக்கு அருகிலோ கட்டிலுக்கு அடியிலோ போத்தல்கள் இருந்தன.

அதன் விலையை முதலில் கணக்கிட்டவர்களுள் ஒருவர் மருத்துவர் ஜே. ஜெயரத்தினம். அவரும் சக ஆய்வாளர்களும் 1982இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் ஆய்வொன்றை வெளியிட்டனர். இலங்கை வைத்தியசாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர் பீடைநாசினி நஞ்சேற்றத்தால் அனுமதிக்கப்படுகின்றனர் என்றும், அவர்களில் ஏறத்தாழ 1,000 பேர் இறக்கின்றனர் என்றும் அது மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலானோர் தாமே நஞ்சை அருந்தியவர்கள்.

கையுறை அணியுங்கள், போத்தலைப் பூட்டி வையுங்கள் என்று அறிவுரை கூறுவது ஒரு வழி. ஓரறை வீட்டில் பூட்டுள்ள பெட்டிக்கு எங்கே போவது? மற்ற வழி, எந்த இரசாயனம் அதிகம் கொல்கிறது என்று எண்ணிப் பார்த்து, அதைச் சந்தையிலிருந்தே அகற்றுவது. இலங்கை தெரிந்தெடுத்தது இரண்டாவது வழியை.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் பீடைநாசினிகளைப் பதிவுசெய்யவும் மறுக்கவும் அதிகாரம் வழங்கியது. 1984இல் பரத்தியோனும் மெதைல் பரத்தியோனும் தடைசெய்யப்பட்டன. 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியவற்றுக்குத் தடை வந்தது. அவற்றின் இடத்தை எண்டோசல்பான் பிடித்தது. அதனால் நேர்ந்த மரணங்களை வைத்தியர்கள் கவனித்தார்கள். 1998இல் அதுவும் தடைசெய்யப்பட்டது. 2008 முதல் 2011 வரை பரகுவாட், டைமெதோயேட், பென்தியோன் ஆகியவை படிப்படியாக விலக்கப்பட்டன.

1995இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம், 2005இல் 24 ஆகக் குறைந்தது. இந்தப் பத்தாண்டுகளில் மக்களின் துயரம் குறைந்துவிடவில்லை. நாட்டில் யுத்தம் நடந்தது; கடனும் வறுமையும் இருந்தன. நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தோர் தொகையும் குறையவில்லை. உயிரோடு வீடு திரும்பியோர் தொகையே கூடியது. ஒரு மணிநேர ஆத்திரத்தில் கைக்கு எட்டியது முன்னையதைவிடக் கொடியதாக இருக்கவில்லை என்பதே காரணம். விளைச்சல் வீழ்ந்துவிடும் என்ற அச்சமும் பொய்த்தது. பின்னர் நடந்த ஆய்வு அத்தகைய வீழ்ச்சி எதையும் காணவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2021 மே மாதத்தில், மக்களின் ஆரோக்கியத்தைக் காரணங்காட்டி, இரசாயன உரங்களும் விவசாய இரசாயனங்களும் ஒரேயடியாகத் தடுக்கப்பட்டன. எது எவ்வளவு தீங்கானது என்ற பாகுபாடு அங்கில்லை. மாற்றுவழியும் ஆயத்தமாக இருக்கவில்லை. அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் வெகுவாக வீழ்ந்தது. அதற்கு முன்னரே, நவம்பரில், தடையை நீக்க நேர்ந்தது. முந்தைய தடைகள் ஒவ்வொன்றும் வைத்தியசாலைக் கட்டில்களிலிருந்து பெற்ற கணக்கின்மேல் எழுந்தவை. இது கணக்கில்லாமல் எழுந்தது.

நான் செப்பனிட்ட அந்த நான்கு வரிகளை இப்போது நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. இறந்தவரின் அந்தரங்கத்தை ஊரறிய அச்சிட்டோம். கொன்ற இரசாயனத்தின் பெயரை மட்டும் மறைத்துக் காத்தோம். நாம் எழுதாததை வார்ட்டுக் குறிப்பேடுகளில் யாரோ எழுதி வைத்தார்கள். பல்லாயிரம் உயிர்கள் பிழைத்தது அந்தக் குறிப்பேடுகளால்தான்.