மலேசியத் தமிழரும் தன்னுரிமைத் திரைப்படமும்

மலாய்த் திரைப்படத்தின் பிறப்பிலும் வளர்ப்பிலும் இந்தியர்க்குப் பெரும்பங்கு உண்டென்பது வரலாறு கற்றார் அறிந்ததே. 1934-இல் வெளிவந்த 'லைலா மஜ்னூன்' என்னும் முதல் மலாய்ப் பேசும் படத்தை இயக்கியவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் என்னும் இந்தியர். சென்னையிற் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன், 1950-இல் 'பக்தி' என்னும் படத்தின் வாயிலாகப் பி. ரம்லியை முதன்முதற் கதைத்தலைவனாக்கினார். பின்னர்க் கோலாலம்பூரை அடுத்த உலு கிளாங்கில் மெர்டேக்கா படநிலையம் எழுந்தபோதும் அவர் கை அதில் இருந்தது.

பிறர் மொழிக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்த கைகள் தம் மொழியில் ஏன் எடுக்கவில்லை? விடை வாணிபத்தில் இருக்கிறது. செராசிலும் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வாழ்ந்த தமிழர்க்குச் சென்னைப் படங்கள் ஆயத்தப் பண்டமாக வந்திறங்கின. பெரிய நடிகர், பெரிய பாட்டு, பெரிய விளம்பரம் ஆகிய யாவும் அங்கேயே ஆகிவிடும். அவற்றின் உரிமையை வாங்கிக் கொட்டகையில் ஓட்டுவதே இங்குள்ள முதலாளிக்கு ஆதாயம். சிறுதொகையினரான மக்களை நம்பி ஒரு படத்தை முதலிலிருந்து எடுப்பதற்கு யார் துணிவர்? 1991-இல் 'நான் ஒரு மலேசியன்' போன்ற முயற்சிகள் தோன்றின; ஆயினும் அவை தொடர்ந்த மரபாகவில்லை. தோட்டத்துத் தமிழன் திரையில் மதுரையையும் கோவையையும் கண்டான். தன் லயத்தை மட்டும் கண்டானல்லன்.

முதலாளித்துவப் படநிலையத்திற்கு வெளியே நின்று படமெடுப்பது தமிழர்க்குப் புதிதன்று. ஜெயகாந்தன் 'உன்னைப்போல் ஒருவன்' படத்தை எடுத்தது 1965-இல். யாழ்ப்பாண வாழ்வைக் கருவாக்கித் தர்மசேன பத்திராஜ என்னும் சிங்களக் கலைஞர் 'பொன்மணி'யை 1977-இல் தமிழில் எடுத்தார். 'அக்கிரகாரத்தில் கழுதை'யை எடுத்த ஜான் ஆபிரகாமோ, கேரளத்தில் 'ஒடேசா' என்னும் குழுவைக் கூட்டி, ஊர் ஊராக மக்களிடம் பணம் திரட்டி 1986-இல் 'அம்ம அறியான்' படத்தை முடித்தார். படத்துக்கு முதலாளி தேவையில்லை, மக்களே போதும் என்று காட்டிய இம்முயற்சி தனியாக ஆராயத்தக்கது.

மலேசியாவில் வழி திறந்தது கருவியால். பிலிம் சுருளும் அதனைக் கழுவும் செலவும் வேண்டாத டிஜிட்டல் ஒளிப்பதிவுக் கருவி வந்தபின், 2000-இல் அமீர் முகம்மது 'லிப்ஸ் டு லிப்ஸ்' படத்தைச் சிறுசெலவில் எடுத்தார். அவரும் ஜேம்ஸ் லீ, டான் சூய் முய், லியூ செங் டாட் ஆகியோரும் 'டா ஹுவாங்' என்னும் நிறுவனத்தை அமைத்தனர். ஒருவர் படத்தில் மற்றொருவர் உழைப்பது அவர்தம் வழக்கம். தீபக் குமாரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை'க்குத் (2005) தயாரிப்பாளராக நின்றவர் சீனப் பெண்மணியான டான் சூய் முய் என்பது எண்ணி மகிழத்தக்கது.

1960-களின் ரப்பர்த் தோட்டமொன்றிலே, மேற்படிப்பை நாடும் பெண்ணொருத்தியின் கதை அது. பாய்ச்சலும் சண்டையும் அதில் இல்லை. பால்மரம், வீடு, வறுமை, பள்ளி இவையே உண்டு. பிரான்சு நாட்டு நாந்து நகரின் மூன்று கண்டங்கள் விழா அவ்வாண்டே அதற்கு நடுவர் குழுவின் சிறப்புப் பரிசை அளித்தது. தோட்டத்து மக்களின் பேச்சு தன் வீட்டுக் கொட்டகையைவிட அயல்நாட்டு அரங்கில் முன்னதாக மதிப்புப் பெற்றது என்பதில் பெருமையும் உண்டு, நாணமும் உண்டு. 2007-இல் அவரே எடுத்த 'சலங்கை' பிரிக்பீல்ட்சுக்கு வந்தது: பூ விற்கும் தாயும் நடனத்தை விரும்பும் மகளும் அதன் மாந்தர்.

அடுத்த பெருநிகழ்ச்சி சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்'. 2015 டிசம்பரில் வெளிவந்த இப்படம், தோட்டம் துண்டாடப்பட்டபின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கு வந்தடைந்த குடும்பங்களைக் காட்டுகிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் அப்போய். படிக்கச் சொல்லும் தந்தை. குண்டர் கும்பலில் ஒரு சிற்றப்பன், போதையில் ஒரு சிற்றப்பன். இவர்களுக்கிடையே அவன் எப்பக்கம் சாய்வான் என்பதே கதை. அதே வாரத்தில் 'தில்வாலே', 'பாஜிராவ் மஸ்தானி' என்னும் இரு பெரும் இந்திப் படங்கள் வெளிவந்தன என்பதை நினைந்தால் இதன் துணிவு விளங்கும்.

2016-இல் மலேசியத் திரைப்பட விழா இப்படத்தைத் தேசிய மொழியல்லாத படங்களுக்கான தனிப்பிரிவில் வைத்தது. மலேசியர் எடுத்த, மலேசியரைப் பற்றிய படம் மலேசியப் படமாகாதா என்னும் வினா எழுந்தது. எதிர்ப்பைத் தமிழர் மட்டும் எழுப்பவில்லை. ஒளிப்பதிவாளர் முகம்மது நோர் காசிம் தாம் முன்பு பெற்ற விழா விருதுகளைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். விதி மாற்றப்பட்டது, சிறந்த மலேசியப் படத்துக்கான பரிசு எல்லா மொழிகளுக்கும் பொதுவாயிற்று. செப்டம்பரில் அப்பரிசு 'ஜகாட்'டையே சேர்ந்தது. தமிழ்ப் படமொன்று அதனைப் பெற்றது அதுவே முதன்முறை.

தமிழாசிரியர்க்கு இப்படத்தின் பெயர் உறுத்தலாம். 'ஜாஹாட்' என்னும் மலாய்ச் சொல் தமிழர் நாவிற் புரண்டு 'ஜகாட்' ஆயிற்று, அடங்காப்பிள்ளையைக் குறிக்கும். வகுப்பறையில் இச்சொல்லைத் திருத்துவது ஆசிரியர் கடன்தான். ஆனால் திரையில் அந்தச் சிறுவன் செந்தமிழ் பேசியிருப்பானாயின், அவனைச் சென்னையிலிருந்து வந்த இன்னொரு பிள்ளையாகவே அவையோர் கண்டிருப்பர்.