விற்க உட்கார்ந்தவர்கள்

தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போய், 'நாளையிலிருந்து எல்லாச் சரக்கையும் சும்மா கொடுத்துடுங்க' என்று சொல்லிப் பாருங்கள். என்ன பதில் கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால், உலகப் புகழ்பெற்ற ஒரு கல்வி நிறுவனம், யாரும் கேட்காமலே அப்படிச் செய்தது!

அதன் பெயர் எம்.ஐ.டி. நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருப்பது.

1999-ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'டாட் காம்' என்று ஒட்டினாலே போதும், பணம் கொட்டிய காலம். பல்கலைக்கழகங்களுக்கும் ஆசை வந்துவிட்டது. கொலம்பியா பல்கலைக்கழகம், பாடங்களை இணையத்தில் விற்க 2000-ல் 'ஃபாத்தம்' என்று ஒரு கம்பெனியே தொடங்கியது. எம்.ஐ.டி.யும் பேராசிரியர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தது. இணையத்தை வைத்து என்ன செய்யலாம், காசு பார்க்க முடியுமா?

குழு உட்கார்ந்து கணக்குப் போட்டது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், லாபம் தேறாது என்று தெரிந்தது. வேறு யாராவது என்றால் ஃபைலை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர்களோ, 'விற்க முடியாவிட்டால் என்ன, சும்மா கொடுத்துவிடலாமே' என்றார்கள்!

2001 ஏப்ரல் 4. எம்.ஐ.டி.யின் தலைவர் சார்லஸ் வெஸ்ட் அறிவித்தார்: வகுப்புக் குறிப்புகள், வீட்டுப்பாடக் கணக்குகள், தேர்வுத்தாள்கள் எல்லாம் உலகத்துக்கே இலவசம். திட்டத்தின் பெயர் 'ஓப்பன்கோர்ஸ்வேர்'. அப்போது அங்கே படிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 26,000 டாலருக்கு மேல். 'அப்ப பணம் கட்டுறவன் ஏமாளியா?' என்று நீங்கள் கேட்கலாம். வெஸ்ட்டின் வாதம் எளிமையானது. குறிப்புகள் வேறு, கல்வி வேறு. ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து மல்லுக்கட்டுவதுதான் கல்வி. அதை இணையத்தில் ஏற்ற முடியாது.

2002-ல் 50 பாடங்களோடு ஆரம்பித்தது, 2007-ல் 1,800 ஆனது. பணம் பண்ணக் கிளம்பிய ஃபாத்தம் 2003-லேயே இழுத்து மூடப்பட்டது.

'இலவசம்தானே, இதில் என்ன அதிசயம்?' என்கிறீர்களா? அதிசயம் விலையில் இல்லை, அனுமதியில் இருக்கிறது. 2002 டிசம்பரில் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்ற புதுவகை உரிமங்கள் வந்தன. எம்.ஐ.டி. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டது. பிரதி எடுக்கலாம், திருத்தலாம், மொழிபெயர்க்கலாம். மூன்றே நிபந்தனைகள்: எங்கள் பெயரைச் சொல்லுங்கள், வியாபாரம் செய்யாதீர்கள், நீங்கள் மாற்றி எழுதியதையும் இதே மாதிரி பிறருக்குக் கொடுங்கள்.

இதற்கு என்ன பலன்? தைவானுக்குப் போவோம். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையைச் சீனமொழிக்குக் கொண்டுவந்து நன்றாகச் சம்பாதித்தவர் லூசிபர் சூ. அந்தப் பணத்தைப் போட்டு, 2004-ல் தன்னார்வலர்களைத் திரட்டி, எம்.ஐ.டி. பாடங்களைச் சீனமொழியில் பெயர்க்க ஆரம்பித்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை, அரசாங்க ஆள் இல்லை. அந்த உரிமம் மட்டும் இல்லாவிட்டால், அவர் செய்ததற்குப் பெயர் தொண்டு அல்ல, திருட்டு!

2002-ல் பாரிஸில் யுனெஸ்கோ நடத்திய கூட்டம் இந்த வகைப் பாடங்களுக்குத் 'திறந்த கல்வி வளங்கள்' என்று பெயர் சூட்டியது. நம் நாட்டிலும் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் 'என்.பி.டி.இ.எல்.' திட்டத்தில் இறங்கின. அதனால்தான் சென்னை ஐ.ஐ.டி. வாசலை மிதிக்காத மாணவனும், அங்குள்ள பேராசிரியரின் பாடத்தை வீட்டில் இருந்தபடியே கேட்க முடிகிறது.

அடுத்தமுறை இணையத்தில் ஒரு பாடம் கிடைத்தால், 'இலவசம்' என்ற கொட்டை எழுத்தோடு நின்றுவிடாதீர்கள். அடியில் பொடி எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். சும்மா பார்க்கச் சொல்கிறார்களா, எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்களா? ஒரு கிராமத்து ஆசிரியர் அதைத் தமிழில் எழுதி, தன் ஊர் உதாரணத்தைச் சேர்த்து, நாற்பது பிள்ளைகளுக்கு நகலெடுத்துக் கொடுக்கலாமா, கூடாதா என்பதை முடிவு செய்வது அந்தப் பொடி எழுத்துதான்.