கொடுத்தவர் வரலாறு

உறுப்பு மாற்று மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கத்தி பிடித்தவர்களின் பெயர்களையே நிரல்படக் கூறிச் செல்வர். அப்பெயர்களுள் சிலவற்றை நானும் கூறவே போகிறேன். ஆயினும், நெடுங்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பித்தவன் என்னும் முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயில் எடுத்த மன்னனின் பெயர் மட்டுமன்றி, ஒரு நந்தாவிளக்கு எரிவதற்காகத் தொண்ணூறு ஆடு கொடுத்தவனின் பெயரும் ஊரும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். மருத்துவ வரலாற்றில் அந்த வழக்கம் இல்லை. உறுப்பைப் பொருத்தியவர் யார் என்று அறிகிறோம். கொடுத்தவர் யார், எதன் பொருட்டுக் கொடுத்தார், அவரிடம் கேட்டவர் எப்படிக் கேட்டார் என்பவற்றை அறிவதில்லை. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் பெருமையும் நாணமும் அடுத்தடுத்து வருகின்றன. இன்று அதனையே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் வழி திறந்தது கண். 1905 ஆம் ஆண்டு மொராவியா நாட்டின் ஓல்மூட்ஸ் நகரில் எட்வர்டு சிர்ம் என்பவர் ஒரு கூலித் தொழிலாளிக்குக் கருவிழி பொருத்தி வெற்றி கண்டார். அக்கருவிழி, காயம்பட்டுக் கண்ணையே எடுக்கவேண்டி வந்த பதினொரு வயதுச் சிறுவனுடையது. நம் நாட்டில் இம்முயற்சிக்கு இடம் தந்தது, 1819 இல் தோன்றிய சென்னைக் கண் மருத்துவமனையாகும். எழும்பூரில் உள்ள அம்மருத்துவமனையில் 1945 இல் இந்தியாவின் முதற் கண் வங்கி அமைந்தது. 1948 இல் டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையா இந்நாட்டின் முதற் கருவிழி மாற்றைச் செய்தார். கருவிழி எளிதில் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அதில் இரத்தக் குழாய் இல்லை. ஆதலால், வந்திருப்பது அயலான் உடைமை என்பதை உடல் பெரும்பாலும் உணர்வதில்லை.

சிறுநீரகமும் இதயமும் அப்படியல்ல. குழாயோடு குழாயைத் தைக்கும் கலையைப் பிரெஞ்சு நாட்டு அலெக்சிஸ் கேரல் கண்டறிந்து, அதற்காக 1912 இல் நோபல் பரிசும் பெற்றுவிட்டார். தையல் நன்றாகவே இருந்தது. ஆனாலும் பொருத்திய உறுப்பு சில நாளில் கறுத்து அழிந்தது. ஏன் என்பதை விளக்கியவர் இங்கிலாந்தின் பீட்டர் மெடவார். இரண்டாம் உலகப் போரில் தீப்புண் பட்டவர்க்குப் பிறர் தோலை ஒட்டிப் பார்த்தபோது, அதே மனிதரின் தோலை இரண்டாம் முறை ஒட்டினால் உடல் அதனை முன்னிலும் விரைவாக உதறிவிடுவதை அவர் கண்டார். உடலுக்குள் ஒரு காவற்காரன் இருக்கிறான். அவனுக்கு நினைவாற்றலும் இருக்கிறது. ஒருமுறை விரட்டிய முகத்தை அவன் மறப்பதில்லை.

இக்காவலைக் கடக்க முதலில் கிடைத்த வழி உறவு. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் ஜோசப் மறே ஒரு சிறுநீரகத்தை எடுத்துப் பொருத்தினார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் தோன்றிய இரட்டையர். இருவர் உடலும் ஒன்றே ஆதலால் காவற்காரன் வாளாவிருந்தான். இரட்டைப் பிறவி எத்தனை பேருக்கு வாய்க்கும்? பின்வந்த மருந்துகளால் தந்தை, தாய், உடன்பிறந்தார் என்று வட்டம் சிறிது விரிந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971 இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடைபெற்றது. இதற்கிடையே 1967 டிசம்பரில் கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்டு இதயத்தையே மாற்றியமைத்தார். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். 1968 பிப்ரவரியில் பம்பாயில் டாக்டர் பி. கே. சென் அம்முயற்சியை இங்கே செய்தார். நோயாளி சில மணி நேரமே வாழ்ந்தார். அதன்பின் இந்தியாவில் இதய மாற்று வெற்றி பெற 1994 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அவ்வாண்டு தில்லியில் டாக்டர் வேணுகோபால் அதனைச் செய்தார்.

இனிமேல்தான் நம் கதை. நார்வே நாட்டு மலைப்பீடபூமி ஒன்றில் அள்ளிய மண்ணில் ஒரு பூஞ்சை கிடைத்தது. அதிலிருந்து எடுத்த சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து காவற்காரனை முற்றிலும் கொல்லாமல் மயக்கத்தில் வைத்திருக்க வல்லது. 1978 இல் கேம்பிரிட்ஜில் ராய் கேல்ன் அதனை நோயாளிகளுக்குத் தந்து பார்த்தார். 1983 முதல் அது உலகெங்கும் பரவியது. அதுவரை, கொடுப்பவர் உறவினராக இருந்தால்தான் நம்பிக்கை. இம்மருந்துக்குப் பின் முன்பின் அறியாதவரின் சிறுநீரகமும் உடலில் தங்கியது. அயலாரும் கொடுக்கலாம் என்னும் நல்ல கதவு திறந்தபோதே, அயலாரிடம் விலைக்கு வாங்கலாம் என்னும் மற்றொரு கதவும் திறந்துகொண்டது. நம் மாநிலத்தில் முதலில் கூட்டம் புகுந்தது இந்த இரண்டாம் கதவின் வழியே.

சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றொரு பட்டப்பெயர் அக்காலத்தில் ஏற்பட்டது. ஊருக்கு இப்படியும் ஒரு பெயர் வரக்கூடுமோ என்று நாணுகிறேன். கடன்பட்டவர்கள், அவர்களிலும் பெரும்பாலார் பெண்கள், தரகர் கைகாட்டிய இடத்திற்குச் சென்று ஒரு சிறுநீரகத்தை விற்றுத் திரும்பினர். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை நேரில் கண்டு 2001 இல் ஆராய்ந்தனர். அவ்வாய்வு 2002 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. விற்றவருள் நூற்றுக்கு 96 பேர் கடன் தீர்க்கவே விற்றனர். அவ்வாறு விற்றும், ஆராய்ந்த நாளில் முக்கால் பங்கினர் கடனாளியாகவே இருந்தனர். குடும்ப வருவாய் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பிறர் விற்க நினைத்தால் ‘விற்காதே’ என்று சொல்வோம் என்றவர்கள் நூற்றுக்கு 79 பேர். உடலில் வலியும் சோர்வும் வந்தபின் முன்போல் மூட்டை தூக்கவோ சித்தாள் வேலை செய்யவோ இயலவில்லை, வருவாய் குறைந்தது, கடன் மீண்டும் வளர்ந்தது. வட்டிக் கணக்கை மாணவர்க்குக் கற்பித்த எவரும் இதனைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிடலாம்.

1994 இல் நாடாளுமன்றம் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை இயற்றியது. அது விற்பனையைக் குற்றமாக்கியது. மூளை இறந்துவிட்டால் மனிதர் இறந்தவரே என்பதையும் ஒப்புக்கொண்டது. தலையில் அடிபட்டவருக்கு மூளை முற்றும் செயலற்றுப் போனபின்னரும், கருவியின் துணையால் மூச்சு ஓடும். இதயமும் சிறிது காலம் துடிக்கும். இந்நிலையை நால்வர் அடங்கிய மருத்துவர் குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரு முறை சோதித்து உறுதி செய்யவேண்டும் என்பது விதி. ஆயினும் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. உறவினர் அல்லாதாரும் ‘அன்பின் பொருட்டு’ கொடுக்கலாம். அதற்கு ஒரு குழு இசைவு தரவேண்டும். கூலி வேலை செய்யும் ஏழைப் பெண்ணுக்கு, பெயர்கூட அறியாத செல்வர்மேல் திடீரென அன்பு சுரந்ததாகப் பத்திரங்கள் எழுதப்பட்டன. அன்பு என்னும் சொல்லுக்கு அத்தகைய இழிவு வேறெங்கும் நேர்ந்திராது.

மற்றக் கதவு நன்கு திறந்தது 2008 செப்டம்பரில். இறந்தவரிடமிருந்து உறுப்புப் பெறுவதற்கான விதிகளை வகுத்துத் தமிழக அரசு அம்மாதத்தில் ஆணைகள் பிறப்பித்திருந்தது. அவை காகிதத்தில் இருந்தன. 20 ஆம் நாள், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்னும் பதினைந்து வயதுச் சிறுவன் இருசக்கர வண்டி விபத்தில் தலையில் அடிபட்டான். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். மகனின் மூளை இறந்துவிட்டதை அவர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. அவர்களே உறுப்புகளைக் கொடுக்க முன்வந்தனர். 23 ஆம் நாள் அவனுடைய இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குச் சென்றது. காவல்துறை வழிநெடுகப் போக்குவரத்தை நிறுத்தி வைக்க, வண்டி பதினொரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. டாக்டர் கே. எம். செரியனின் மருத்துவமனையில் அவ்விதயம் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் அந்நிகழ்ச்சி திரைப்படத்திற்கும் கருவாயிற்று. எடுத்த இதயம் ஏறக்குறைய நான்கு மணி நேரமே தாங்கும் என்பதை நினைத்தால் அந்தப் பதினொரு நிமிடத்தின் அருமை விளங்கும்.

அதன்பின் டாக்டர் அமலோற்பவநாதனை ஒருங்கிணைப்பாளராகக் கொண்டு அரசின் திட்டம் நடைபெற்றது. பொதுப் பட்டியல் ஒன்று ஏற்பட்டது. உறுப்புகளை விதிப்படியே பங்கிடவேண்டும் என்றாயிற்று. வசதியற்றவர்க்கு அரசு மருத்துவமனையிலும் காப்பீட்டுத் திட்டத்திலும் இச்சிகிச்சை கிடைக்கிறது. 2018 இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த திண்டுக்கல் பக்கத்துக் கட்டடத் தொழிலாளிக்கு இறந்தவர் ஒருவரின் இரு கைகளும் பொருத்தப்பட்டன. 2023 இல் 178 பேரின் குடும்பத்தாரும், 2024 இல் 268 பேரின் குடும்பத்தாரும் உறுப்பளிக்க இசைந்தனர். நம் திருச்சிராப்பள்ளி மலையில் தாயுமானவர் இருக்கிறார். காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட்ட தாய்க்கு ஈடாக, பேறுகாலப் பெண்ணுக்குத் தாயாகி வந்தார் என்பது தலபுராணம். உறவினர் எவரும் கொடுக்க இயலாது நிற்கும் நோயாளிக்கு, முகமறியாத ஒருவர் உற்றாராக வருவதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அம்மலையே நினைவுக்கு வருகிறது.

பெற்றபின் வாழும் வாழ்வு எத்தகையது? என்னுடன் பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர் காட்டூரில் எங்கள் தெருவிற்கு அடுத்த தெருவில் இருக்கிறார். அவர் வயிற்றில் உள்ளது அவர் மனைவியின் சிறுநீரகம். அதற்குமுன் வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் என்று எல்லாரும் சொல்லும் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வந்தார். அந்நாட்களில் அவருக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுப்பார்கள். சித்திரை வெயிலில் ஒரு பனிக்கட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாற்றுச் சிகிச்சைக்குப் பின் ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று மருத்துவர் சொன்னபோது, ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு அழுதாராம். பழைய சிறுநீரகங்களை எடுப்பதில்லை என்பதும், புதியதை அடிவயிற்றின் வலப்புறத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மாத்திரை. பள்ளி மணிகூடச் சில நாள் பிந்தியதுண்டு, அவர் பிந்தியதில்லை. காவற்காரனை மயக்கத்தில் வைத்திருப்பதால் சிறு காய்ச்சலும் பெரிய பகையாகிவிடும். வெளித் தண்ணீர், வேகாத காய் இரண்டும் கூடா. பம்பளிமாசுப் பழம் மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும் என்பதால் அதுவும் விலக்கு. திருவரங்கத்து வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்திற்கு அவர் போவதை விட்டுவிட்டார். வேறொரு நாள் வெறிச்சோடிய வேளையில் போய்வருகிறார். மருந்தினாலேயே சர்க்கரை நோயும் வந்து சேர்ந்தது. மாற்றுறுப்பு என்றென்றும் உழைக்கும் என்ற உறுதியும் இல்லை. இவை எவற்றையும் அவர் குறையாகச் சொல்வதில்லை. ஒருமுறை மட்டும், “அவளுக்குத் தலைவலி என்றால் எனக்குப் பயம் வந்துவிடுகிறது, சார்” என்றார்.

அவர் மனைவியைப் பற்றி ஒரு சொல் சொல்லவேண்டும். இந்நாட்டில் உயிரோடிருந்து உறுப்புக் கொடுப்போருள் மிகப் பலர் பெண்கள். பெறுவோர் கணக்கோ தலைகீழாக இருக்கிறது. 1995 முதல் 2021 வரை நடந்ததாக அரசு அமைப்பு தொகுத்த 36,640 மாற்றுகளில் பெண்கள் பெற்றவை 6,945 மட்டுமே. நோய் ஆண்களையே தேடி வருகிறது என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். மனைவிக்கு நோய் வந்தால், ‘சம்பாதிக்கிறவன் உடம்பில் கத்தி வைப்பதா’ என்று வீட்டில் ஒரு குரல் எழுகிறது. கணவனுக்கு வந்தால் அக்குரல் எழுவதில்லை. இதனை அன்பு என்று மட்டும் சொல்லிப் பாராட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

விற்பனைக் கதவும் முற்றிலும் மூடிவிடவில்லை. 2025 இல் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில், கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் தரகர் மூலம் விலைபோயின என்ற புகார் எழுந்தது. விசாரணை நம் மாவட்டம் வரையும் நீண்டு, தனியார் மருத்துவமனைகளின் மாற்றுச் சிகிச்சை உரிமம் நிறுத்தப்பட்டது. வில்லிவாக்கத்தில் கண்ட அதே கடன், அதே தரகு, அதே பத்திரம். இறந்தவரிடமிருந்து கிடைப்பவை போதாத வரையில், காத்திருக்கும் செல்வரின் கண் கடன்பட்ட ஏழையின் மேல்தான் விழும்.

காட்டூர் வழியே தஞ்சைச் சாலை செல்கிறது. அதில் விபத்து நேராத மாதமில்லை. தலைக்கவசம் அணிந்து அனைவரும் வீடு திரும்பவேண்டும் என்பதே என் விருப்பம். அதனையும் மீறி நேர்ந்துவிட்டால், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒருவர் வந்து குடும்பத்தாரிடம் கேட்பார். நாம் முன்பே அட்டையில் கையொப்பம் இட்டிருந்தாலும், அப்போது உற்றாரின் இசைவைக் கேட்டே செய்வர். இசைந்தவர் இல்லத்தில் 2023 செப்டம்பர் முதல் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெறுகிறது. அரசின் சார்பில் அலுவலர் வந்து மலர்வளையம் வைக்கிறார். கொடுத்தவரின் பெயர் அன்றாவது ஊருக்குத் தெரிகிறது.

என் வயதில் இதயத்தை எவரும் கேட்கப்போவதில்லை. கருவிழிக்கு வயது வரம்பு இல்லை. கண்புரை அறுவை செய்துகொண்டவரும் கொடுக்கலாம். இறந்த ஆறு மணி நேரத்திற்குள் எடுக்கவேண்டும். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரத்துணி இட்டுவைத்தால் போதும். கண் வங்கியின் தொலைபேசி எண்ணை எங்கள் வீட்டு நாட்காட்டிக்கு அருகில், பால்காரர் கணக்குக்கு மேலே, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். என் மனைவிக்குக் கண்ணாடி இல்லாமலும் அது தெரிகிறது.