தொடர்ச்சி கேட்கும் உரிமை: பேட்டில் சிட்டி முதல் ரோட் ராஷ் வரை

வீடியோ கேமைப் பற்றியெல்லாம் சிறுபத்திரிகையில் எழுத வேண்டுமா என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சினிமாவையும் நாம் இப்படித்தான் வெகுகாலம் திண்ணையிலேயே உட்கார வைத்திருந்தோம். எம்.ஜி.ஆர். என்கிற பிம்பத்தை அரசியல் பிரதியாக வாசித்து எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் புத்தகம் எழுதியபோது, ‘வெறும் பொழுதுபோக்கு’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது கஷ்டமாகிப்போனது. நாவலூரில் இன்று இருபதிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஆண்களில் பலர் நாவலை விடவும் சினிமாவை விடவும் அதிக மணிநேரம் செலவழித்த பிரதி ஒன்று உண்டு. அதற்கு வரலாறு எழுதப்படவில்லை.

கைவிடப்பட்ட விளையாட்டுத் தொடர்கள், அடுத்த பாகம் வந்தே தீர வேண்டிய தொடர்கள் என்று மேற்கத்திய இதழ்கள் அடிக்கடி பட்டியல் போடுகின்றன. பட்டியல் போடுவது யார் என்பதுதான் முதல் கேள்வி. கடையில் காசு கொடுத்துப் பெட்டி வாங்கியவனின் ஞாபகம்தான் அங்கே ‘உலக ஞாபகம்’. அந்த ஞாபகத்தில் நம் ‘டேங்க் கேம்’ பெரும்பாலும் இல்லை.

பேட்டில் சிட்டி – நாம்கோ நிறுவனம் ஃபாமிகாம் பெட்டிக்காக 1985இல் ஜப்பானில் வெளியிட்டது. முன்னோடி, 1980இல் ஆர்கேடுகளில் வந்த டேங்க் பட்டாலியன். பின்னோடி, 1991இல் அதே ஆர்கேடுக்கு வந்த டேங்க் ஃபோர்ஸ். அதோடு சரி, தொடர் ஏறக்குறைய உறங்கிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, பேட்டில் சிட்டியின் கேசட்டை அமெரிக்கக் கடைகளுக்கே அந்தக் காலத்தில் அனுப்பவில்லை. ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம் வரைக்கும் அது வந்து சேர்ந்தது. கொண்டுவந்தது நாம்கோ அல்ல. ஃபாமிகாமைப் பிரதியெடுத்து மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் விற்ற மலிவுப் பெட்டிகளும், ‘9999 இன் 1’ என்று கூசாமல் பொய் சொன்ன மஞ்சள் கேசட்டுகளும்தான். அந்தப் பொய்யை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது கேம்தான் திரும்பத் திரும்ப வரும் என்பது ஊருக்கே தெரியும்.

விளையாட்டு ரொம்ப எளிது. செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு. அதைக் காப்பாற்ற வேண்டும். ஒரு நிலைக்கு எதிரி டேங்குகள் இருபது, மொத்தம் முப்பத்தைந்து நிலைகள். நம் குண்டே தவறிப் போய்க் கழுகின் மேல் பட்டாலும் ஆட்டம் முடிந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில், ஒரே பக்கத்தில் நின்று ஆடலாம். கூட்டாளியைச் சுட்டால் அவன் சாக மாட்டான், கொஞ்ச நேரம் உறைந்து நிற்பான். அதில்தான் எத்தனை சண்டை! “டேய், வேணும்னே சுடுறான்டா” என்ற குரலை இன்றைக்கும் என்னால் கேட்க முடிகிறது.

இதையெல்லாம் விட முக்கியம் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்கிற பகுதி. சுவர், இரும்பு, தண்ணீர், மரம் எல்லாவற்றையும் நம் இஷ்டத்துக்கு அடுக்கி நாமே ஒரு நிலையைக் கட்டலாம். ஆடுகிறவன் ஆசிரியனாகும் இடம் அது. ஆனால் கட்டியதைச் சேமிக்க முடியாது. கரண்ட் போனால் கோட்டையும் போச்சு. மின்வெட்டுக் காலத்துத் தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் பிரதிகள் அப்படி அழிந்தனவோ.

நாவலூர் அப்போது கம்பெனிகளின் ஊர் அல்ல. ஓ.எம்.ஆர். ஆறுவழிச் சாலையாகத் திறந்தது 2008இல்தான். அதற்கு முன்பு மகாபலிபுரம் போகும் குறுகலான ரோடு, வயல், ஏரி. எங்கள் பக்கம் ஒரு மளிகைக்கடையின் பின்கட்டில் டிவி வைத்து, அரைமணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கி ஆட விட்டார்கள். “அண்ணே, இந்த ஸ்டேஜ் மட்டும் முடிச்சிட்டுப் போயிடுறேண்ணே” என்று கெஞ்சாதவன் கிடையாது. பெண் பிள்ளைகள் அந்தப் பின்கட்டுக்குள் வந்ததே இல்லை. காலனிப் பையன்கள் வந்தார்கள். காசுக்குச் சாதி இல்லை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டாவது ரிமோட் யார் கைக்குப் போகும் என்பதில் சாதி இருந்தது. ஒரே பக்கம் நின்று கழுகைக் காப்பாற்ற வேண்டிய ஆட்டத்தில், ‘அவனோட ஜோடி சேர மாட்டேன்’ என்று எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கேசட்டுகளில் ‘டேங்க் 1990’ என்று இன்னொன்று இருக்கும். பேட்டில் சிட்டியை உடைத்து, புதிய நிலைகளைச் சேர்த்து, பெயர் தெரியாத திருட்டுப் பட்டறைக்காரர்கள் செய்தது. உரிமைக்காரன் நமக்குத் தராத தொடர்ச்சியைத் திருடன் தந்தான். மூலம், நகல் என்ற படிநிலை இங்கே தலைகீழாகிறது. மூலத்தைப் பார்த்தேயிராத ஒரு சமூகத்துக்கு நகல்தான் மூலம்.

மையத்திலும் கதை வேறு மாதிரி இல்லை. நம் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறைகளில் எல்லாம் இருந்த டேவ், ஜான் ரோமெரோ 1988இல் உருவாக்கிய டேஞ்சரஸ் டேவ். 1990 செப்டம்பரில், அமெரிக்காவின் லூசியானாவில் சாஃப்ட்டிஸ்க் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் கார்மாக்கும் டாம் ஹாலும் ஒரே இரவில் மூன்றாம் சூப்பர் மாரியோவின் முதல் நிலையை அப்படியே கணினியில் ஓட வைத்து, மாரியோ இருந்த இடத்தில் டேவைப் போட்டார்கள். அதற்கு அவர்களே வைத்த பெயர்: ‘காப்புரிமை மீறலில் டேஞ்சரஸ் டேவ்’. நின்டெண்டோ அந்த முயற்சியை ஏற்கவில்லை. ஆனால் அந்த நகலிலிருந்துதான் கமாண்டர் கீன் வந்தது. அந்தக் குழுதான் ஐடி சாஃப்ட்வேர் ஆகி 1993இல் டூம் செய்தது. அங்கே நகலெடுத்தால் மேதைமை, பர்மா பஜாரில் நகலெடுத்தால் குற்றம். பர்மாவிலிருந்து துரத்தப்பட்டுத் திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக உருவான கடைவீதி அது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அடுத்தது ரோட் ராஷ். ரிச்சி தெரு சிடிக்களில் அது இல்லாத சிடியைத் தேட வேண்டும். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 1991இல் தொடங்கிய தொடர். நாம் ஆடியது 1996இல் கணினிக்கு வந்த வடிவம். பைக்கில் போய்க்கொண்டே பக்கத்தில் வருகிறவனை உதைப்பது, செயினால் அடிப்பது, போலீசிடம் மாட்டினால் அபராதம் கட்டுவது. அதில் ‘பெனின்சுலா’ என்று ஒரு பாதை வரும். கலிஃபோர்னியாவில் அந்த நிறுவனம் இருந்த வட்டாரம் அது, சிலிகான் பள்ளத்தாக்கின் அண்டை. அந்தச் சாலையைத் திரையில் ஓட்டிப் பழகிய பையன்களின் ஊர் வழியாகவே பிறகு ஒரு ‘சிலிகான்’ சாலை வந்தது. நிலத்தை விற்றவர்களின் பிள்ளைகள் இன்று அதே ரோட்டில் டெலிவரி பைக் ஓட்டுகிறார்கள். 2003இல் கேம்பாய் அட்வான்ஸில் வந்த பதிப்புக்குப் பிறகு ரோட் ராஷ் என்ற பெயரில் புதுப் பாகம் வரவில்லை. ரசிகர்கள் ரோட் ரிடெம்ப்ஷன் என்று வேறு பெயரில் ஒன்றைச் செய்து 2017இல் வெளியிட்டார்கள்.

ஐ.ஜி.ஐ. கதை இன்னும் சின்னது. நார்வேயின் இன்னர்லூப் ஸ்டுடியோ 2000இல் ஒன்று, 2003இல் ஒன்று செய்தது, பிறகு ஸ்டுடியோவே இல்லை. 2019இல் அறிவிக்கப்பட்ட முன்கதையும் வெளிவராமலேயே நின்றுபோனது.

அப்படியானால் நாம் கேட்க வேண்டியது என்ன? ‘கம்பெனியே, அடுத்த பாகம் கொடு’ என்பதா? எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. பெட்டியில் பூட்டி வைத்திருப்பதற்கும் ஒரு சொத்துரிமை இருக்கிறது பாருங்கள், பிரச்சினை அங்கே இருக்கிறது. அமெரிக்காவில் 2010க்கு முன்பு வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்குச் சொன்னது. விற்கவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள். யூபிசாஃப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ என்ற விளையாட்டின் சர்வரை 2024 மார்ச்சில் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களிடமும் அது செத்துப்போனது. அதை எதிர்த்து எழுந்த இயக்கத்தைத் தமிழ்ச் செயல்பாட்டாளர்கள் கவனித்ததாகவே தெரியவில்லை.

இத்தனைக்கும் இந்த விஷயத்தில் நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது, அதை ஒட்டி வழக்கும் கிளர்ச்சியும் நடந்தன. 1949இல் ஓமந்தூரார் ஆட்சியில் அரசு உரிமையைப் பெற்றது, ஐம்பதுகளில் அதை மக்களுக்கே விட்டது. ‘நாட்டுடைமை’ என்ற சொல்லை இலக்கியத்துக்கு முதலில் பழக்கியவர்கள் நாம். கைவிடப்பட்ட விளையாட்டின் மூலநிரலுக்கு அந்தச் சொல் ஏன் பொருந்தாது?

திறமை இல்லையா என்றால் இருக்கிறது. பெங்களூரில் 1997இல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் அயல்நாட்டுக் கம்பெனிகளின் விளையாட்டுகளுக்குக் கார் வரைந்துகொடுத்தே வளர்ந்து, 2019இல் ராக்ஸ்டாருக்கு விற்கப்பட்டது. உழைப்பு இங்கே, பெயர் அங்கே. டொராண்டோவில் இருந்து 2023இல் வந்த ‘வெண்பா’ இட்லியையும் தமிழையும் விளையாட்டாக்கிக் காட்டியது, அதற்கு நாடு விட்டுப் போக வேண்டியிருந்தது.

நாவலூரில் செல்போன் ரிப்பேர் கடைகளில் இப்போதும் உள்ளங்கை அளவில் ‘400 இன் 1’ பெட்டிகள் தொங்குகின்றன. போன மாதம் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். டேங்க் இருந்தது. கன்ஸ்ட்ரக்‌ஷனும் இருந்தது. இன்னமும் சேமிக்க முடியவில்லை.