கணினிக்குள் பூதகணங்கள்

2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது. அதையொட்டித் தமிழக அரசு தன் அலுவலகங்களில் பாஸ் லினக்ஸைப் போடச் சொன்னது. டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கிய நம் நாட்டுச் சரக்கு அது. பழைய இரும்புக்காரரிடம் போகவிருந்த என் கணினியில், பின்னாளில் அதன் புதிய பதிப்பைப் போட்டேன். ஓடியது, ஆனால் ஆமை வேகம். பிரின்டரே இல்லாத வீட்டில் அச்சுச் சேவை பின்னணியில் விழித்துக்கொண்டிருந்தது!

இத்தகைய சேவைக்கு 'டீமன்' என்று பெயர். 1963 வாக்கில் எம்.ஐ.டி.யில் சூட்டியது, மூலக்கூறுகளை ஓயாமல் பிரித்துக்கொண்டிருக்கும், மாக்ஸ்வெல் கற்பனை செய்த பூதத்தை நினைத்து. பிரெஞ்சில் படித்த எனக்கு 'தெமோன்' என்றாலே பிசாசுதான். மாமல்லபுரம் பக்கத்துக்காரர்கள் பூதகணம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏவல் செய்பவை, கெட்டவை அல்ல.

அனுப்புவதில்தான் நுட்பம். 'ஸ்டாப்' என்றால் கணினியை மறுபடி போட்டதும் வந்துவிடும். 'டிஸேபிள்' என்றால் தானாக வராது, ஆனால் வேறொரு சேவை கூப்பிட்டால் எழுந்துவிடும். 'மாஸ்க்' செய்தால்தான் யார் கூப்பிட்டாலும் வராது. அச்சுச் சேவையை அப்படித்தான் அடக்கினேன். பெயர் புரியாத சேவையை மட்டும் தொடாதீர்கள். நெட்வொர்க் சேவையை நிறுத்தினால் இணையமே போய்விடும்.