பனிக்கட்டி ஆலையில் விளைந்த மருந்து

பெனிசிலின் என்றதும் நம் நினைவில் எழுபவர் அலெக்ஸாண்டர் பிளெமிங். 1928-ல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் அவர் கண்ட பூசணத்தின் கதையைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். நான் இன்று கூற வந்தது அதனை அன்று. கண்டறிந்து பல ஆண்டுகள் கழிந்தும் அம்மருந்து போதிய அளவு கிட்டவில்லை. 1941-ல் ஆக்ஸ்போர்டில் அதனை ஊசி வழியே பெற்ற காவலர் ஒருவர், தேறி வரும் வேளையிலே மருந்து தீர்ந்துபோனமையால் மாண்டார். அவருடைய சிறுநீரிலிருந்துகூட மருந்தை மீட்டெடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள்! அந்த வறுமையை நீக்கியவர்களுள் வியாபார நிறுவனத்தார் சிலரும் உண்டு. அவர்களுள் ஒரு நிறுவனம் தன்னையே மாற்றி அமைத்துக்கொண்ட விதந்தான் என் பேச்சுக்குப் பொருள்.

நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் 1849-ல் தோன்றியது பைசர் கம்பெனி. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதற்குச் சோறு போட்டது பானங்களுக்குப் புளிப்பூட்டும் சிட்ரிக் அமிலம். அதனை முதலில் இத்தாலிய எலுமிச்சையிலிருந்து எடுத்தார்கள். 1919 முதல், சர்க்கரையைப் பூசணத்தால் நொதிக்க வைத்து ஆக்கினார்கள். பூசணத்தை வேலை வாங்கும் வித்தை அவர்களுக்குக் கைவந்தது.

ஆயினும் பெனிசிலின் பூசணம் பொல்லாதது. ஆயிரக்கணக்கான குடுவைகளில் வளர்த்தாலும் கிடைப்பது சிறிதே. பெரிய தொட்டிகளில் காற்றைச் செலுத்தி ஆழத்தில் வளர்க்கலாம் என்றார் ஜாஸ்பர் கேன் என்ற அந்நிறுவனத்து விஞ்ஞானி. நிர்வாகப் பொறுப்பிலிருந்த ஜான் ஸ்மித் தயங்கினார். அதனைக் கோழைமை என்று நான் சொல்லமாட்டேன். பெனிசிலின் பூசணத்தின் வித்துக்கள் காற்றில் பரவி அமிலத் தொட்டிகளில் விழுந்தால், இருக்கும் பிழைப்பும் கெடும். நாளையே எவரேனும் பூசணமின்றி ரசாயன முறையில் மருந்தை ஆக்கிவிட்டால், போட்ட முதல் முழுதும் வீண்.

அவர் மனத்தைத் திருப்பியது கணக்கேடு மட்டுமன்று. லியோ லோவே என்ற புரூக்ளின் மருத்துவர், அந்நாளில் பெரும்பாலும் உயிர் குடித்தே தீர்ந்த இருதயக் கிருமிநோய் ஒன்றிற்குப் பெனிசிலினை மிகுதியாகக் கொடுத்துப் பார்க்க விரும்பினார். ஸ்மித் மருந்தளித்தார், சாவை எதிர்நோக்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடக்கக் கண்டார்.

1943-ன் பிற்பகுதியில் புரூக்ளினிலேயே ஒரு பழைய பனிக்கட்டி ஆலை விலைக்கு வாங்கப்பெற்றது. குளிரூட்டும் பொறிகள் அங்கே ஆயத்தமாக இருந்தன. ஜான் மெக்கீன் என்பவர் முன்னின்று, 7,500 காலன் அளவுள்ள 14 தொட்டிகளைச் சில மாதங்களில் நிறுவினார். 1944 மார்ச் 1-ல் வேலை தொடங்கியது. அவ்வாண்டு ஜூனில் நார்மண்டிக் கரையில் இறங்கிய படைகள் கொண்டுசென்ற பெனிசிலினில் பெரும்பகுதி இந்தப் புரூக்ளின் சரக்கே.

போர் முடிந்தது. பலரும் பெனிசிலின் ஆக்கவே, விலை சரிந்தது. பைசரோ மருந்தை மொத்தமாக ஆக்கிக் கொடுக்க, பிற கம்பெனிகள் தத்தம் பெயரிட்டு விற்றுவந்தன. 1949-ல் தலைவரான மெக்கீன் இந்த வழக்கத்தையும் உடைக்கத் துணிந்தார். முன்னைய மாற்றத்தினும் இதுவே கடினம் என்பது என் கருத்து. அன்று போர் உந்தியது. இன்றோ, நேற்றுவரை சரக்கு வாங்கிய வாடிக்கையாளரையே பகைத்துக்கொள்ள வேண்டும். மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கிடைத்த டெர்ராமைசினை 1950-ல் பைசர் தன் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டது. அதனை மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல முதலில் அமர்த்தப்பெற்ற விற்பனையாளர் எட்டே பேர்.