மணல்வழி ஊர்திகளின் டயர்கள்

மணல்வழி ஊர்திகளின் டயர்கள் எனப்படுபவை, தளர்ந்த மணலில் புதையாமல் செல்லும் வகையில் அளவு, பட்டன் அமைப்பு, காற்றழுத்தம் ஆகியவை தெரிவு செய்யப்பட்ட டயர்கள் ஆகும். தமிழ்நாட்டில் இவற்றின் தேவை நன்கு உணரப்பட்ட இடங்களுள் ஒன்று, இராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன் தீவின் தென்கிழக்கு முனையில் உள்ள தனுஷ்கோடி ஆகும். பனி மூடிய சாலைகளில் ஊர்தி வழுக்காதிருக்கச் சக்கரங்களில் சங்கிலி பூட்டுவர். மணலுக்கு அம்முறை பொருந்தாது. மணலில் ஊர்தியைக் காப்பது பெரும்பாலும் டயரின் காற்றைக் குறைப்பதே ஆகும்.

தனுஷ்கோடி மணல்வழி

1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22, 23 ஆகிய நாட்களில் வீசிய புயலில் தனுஷ்கோடி நகரும் அதற்குச் சென்ற தொடர்வண்டிப் பாதையும் அழிந்தன. அதன் பின்னரும் மீனவக் குடும்பங்கள் அங்கு வாழ்ந்து வந்தன. முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் சாலை இல்லாமையால் மக்கள் மணலில் நடந்தோ, ஜீப், வேன் போன்ற ஊர்திகளிலோ சென்றனர். வடக்கே அமைதியான பெண்கடலுக்கும் தெற்கே அலை மிகுந்த ஆண்கடலுக்கும் இடையில், மணலும் ஆழமற்ற நீரும் கலந்த குறுகிய நிலப்பகுதி வழியாக இப்பயணம் அமைந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வழியின் பல பகுதிகள் நீரில் மூழ்கும்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ நீளத்துக்கு அமைக்கப்பட்ட சாலை 2017 ஆம் ஆண்டு சூலை 27 அன்று திறந்து வைக்கப்பட்டது. அதன் பின் மணல்வழிப் பயணத்தின் தேவை பெரிதும் குறைந்தது. எனினும் சாலையின் இருபுறமும் மணலே உள்ளதால், சாலையை விட்டு இறங்கும் ஊர்தி எளிதில் சிக்கிக்கொள்ளக்கூடும்.

சக்கரம் புதைவதன் காரணம்

காற்றடைத்த டயர் தரையில் செலுத்தும் அழுத்தம், ஏறத்தாழ அதனுள் உள்ள காற்றழுத்தத்துக்குச் சமமாகும். ஒரு சக்கரத்தின் மீது 500 கிலோகிராம் எடை இருப்பதாகக் கொள்வோம். காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு எனில் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர செ.மீ ஆகும். 18 பவுண்டாகக் குறைத்தால் அது ஏறத்தாழ 400 சதுர செ.மீ ஆகிறது. பக்கச்சுவரின் விறைப்பைப் பொறுத்து இவ்வளவு சற்று மாறும். ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாதிருப்பதும் இதே அடிப்படையில்தான்.

காற்றைக் குறைக்கும்போது டயரின் தொடுபரப்பு அகலத்தைவிட நீளத்திலேயே கூடுதலாக வளர்கிறது. ஆகவே அகலமான டயர் இல்லாத ஊர்தியும் காற்றைக் குறைப்பதால் பயன் பெறும்.

பனிச் சங்கிலி

பனிச் சங்கிலி, இயந்திரத்தால் இயக்கப்படும் சக்கரங்களில் பூட்டப்படுவது. அது இறுகிய பனியைக் கடித்துப் பிடிமானம் தருகிறது. இமாச்சலப் பிரதேசம், லடாக் போன்ற பகுதிகளின் மலைச்சாலைகளில் இது பயன்படுகிறது. சங்கிலியுடன் பொதுவாக மணிக்கு 50 கி.மீ வேகத்துக்கு மேல் செல்லலாகாது. பனியற்ற சாலையில் அதைக் கழற்றிவிட வேண்டும். தமிழ்நாட்டில் நீலகிரியில் குளிர்காலத்தில் காணப்படுவது உறைபனியே என்பதால் அங்கு இதற்குத் தேவை எழுவதில்லை.

உலர்ந்த மணலில் கடித்துப் பிடிக்க உறுதியான அடித்தளம் இல்லை. சங்கிலி மணலின் மேற்பரப்பை உடைத்துப் பின்னோக்கித் தள்ளும். சக்கரம் தன் குழியைத் தானே தோண்டும்.

தெரிவு செய்தல்

* அளவு: 215/75 ஆர் 15 என்னும் குறியில் 215 என்பது மில்லிமீட்டரில் அகலம், 75 என்பது அகலத்தில் பக்கச்சுவரின் விழுக்காடு, ஆர் என்பது ரேடியல், 15 என்பது அங்குலத்தில் விளிம்பு வட்டத்தின் விட்டம். உயரமான பக்கச்சுவர் மணலுக்கு ஏற்றது.
* பட்டன்: ஆழமான, கூர்விளிம்புடைய பட்டன்கள் சேற்றுக்கு உகந்தவை. மணலில் அவை தோண்டக்கூடும். நடுத்தர ஆழமுள்ள பட்டன்களே மணலுக்கும் தார்ச்சாலைக்கும் பொதுவாகப் பொருந்தும்.
* சுமைக் குறியீடு: குறியீடு 100 எனில் ஒரு டயர் 800 கிலோகிராம் வரை தாங்கும். சரக்கேற்றும் பிக்கப் ஊர்திக்கு இதனைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.
* எம்+எஸ் குறி: இது சேற்றையும் பனியையும் குறிப்பது. மணலுக்கான தகுதியைக் காட்டுவதன்று.

பின்சக்கரங்களால் இயங்கும் பிக்கப் ஊர்தி, சுமையின்றிச் செல்லும்போது பின்புறம் இலேசாக இருப்பதால் சக்கரம் எளிதில் வெற்றாகச் சுழலும். சுமை கூடினால் பிடிமானம் கூடும். ஆனால் புதைவும் கூடும். நான்கு சக்கர இயக்கமுள்ள ஊர்தியில் நான்கு டயர்களும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும்.

காற்றழுத்தமும் ஓட்டும் முறையும்

இலகு ஊர்திகளுக்கு மணலில் 15 முதல் 20 பவுண்டு வரையிலான அழுத்தம் பொதுவாகப் பின்பற்றப்படுகிறது. சுமை ஏற்றிய ஊர்திக்கு இதனினும் கூடுதலாகத் தேவை. அளவுக்கு மீறிக் குறைத்தால் திரும்பும்போது டயர் விளிம்பு வட்டத்திலிருந்து கழன்றுவிடலாம். காற்றைக் குறைத்த ஊர்தியை மெதுவாகவே ஓட்ட வேண்டும். தார்ச்சாலையில் ஏறியதும் மீண்டும் காற்றடைப்பது இன்றியமையாதது. குறைந்த காற்றுடன் வேகமாகச் சென்றால் பக்கச்சுவர் சூடேறி டயர் வெடிக்கலாம். எனவே அழுத்தமானியும் காற்றடிக்கும் பம்பும் ஊர்தியில் இருப்பது நன்று.

சக்கரம் சுழலத் தொடங்கினால் முடுக்கியை உடனே விட்டுவிட வேண்டும். சக்கரத்தின் முன்னும் பின்னும் உள்ள மணலை அகற்றி, பலகை இட்டு, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுப்பது எளிது. நீரோரத்து ஈரமணல் பொதுவாக இறுகியிருக்கும். எனினும் காய்ந்த மேலேட்டின் கீழ் சேறு மறைந்திருக்கும் இடங்களும் உண்டு. பயணத்துக்குப் பின் ஊர்தியின் அடிப்பகுதியையும் பிரேக்குகளையும் நன்னீரால் கழுவாவிடில் உப்பினால் துரு ஏறும்.

சூழல் பாதுகாப்பு

தனுஷ்கோடிக் கடற்கரையில் கடலாமைகள் முட்டையிடுகின்றன. மணலுக்குள் உள்ள முட்டைகள் ஊர்தியின் எடையால் நசுங்கக்கூடும். சக்கரத் தடங்களின் பள்ளத்தில் விழும் ஆமைக்குஞ்சுகள் கடலை அடைய முடியாமல் போகலாம். தனுஷ்கோடிப் பகுதி 2025 ஆம் ஆண்டில் பூநாரைகளுக்கான புகலிடமாகவும் அறிவிக்கப்பட்டது. எனவே ஏற்ற டயர் இருப்பினும், தேவையின்றிக் கடற்கரையில் ஊர்தியை இறக்காதிருத்தலே நன்று.

இவற்றையும் பார்க்கவும்

* தனுஷ்கோடி
* பாம்பன் தீவு
* மன்னார் வளைகுடா
* கடலாமை